மணலின் பலமும் மாரியின் சோதனையும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலுள்ள பழுகாமம் போன்ற ஊர்களில் வீடு கட்ட முனைவோர் சீமெந்தின் தரத்தையும் கம்பியின் கனத்தையும் விசாரிக்கின்றனர். ஆனால், அவை அனைத்தையும் சுமக்கப்போகும் மண்ணைப் பற்றி விசாரிப்போர் மிகச் சிலரே. மணலும் சேறும் கலந்து படிந்த வாவிக்கரைப் பிரதேசத்தில் இந்த அலட்சியம் ஆபத்தானது.

மணலில் கட்டிய வீடு நிலைக்காது என்பது பொதுவான நம்பிக்கை. அது முழு உண்மையல்ல. களிமண்ணைப் போல மணலுக்கு ஒட்டும் தன்மை இல்லை. மணிகளுக்கிடையேயான உராய்வே அதன் பலம். மேலிருந்து பாரம் அழுத்த, மணிகள் ஒன்றோடொன்று இறுகி அந்த உராய்வு கூடுகின்றது. எனவே, பக்கங்களில் பிடிப்புள்ள இறுக்கமான மணல் பெரும் பாரத்தையும் தாங்கும். பக்கப் பிடிப்பு நீங்கினால் அதே மணல் சரிந்துவிடும்.

ஈரமான கடற்கரையில் கால் பதிக்கும்போது, பாதத்தைச் சுற்றியுள்ள மணல் ஒரு கணம் காய்ந்து வெளுப்பதை நாம் கண்டிருக்கின்றோம். இறுக்கமான மணல் நெரிபடும்போது விரிவடைந்து நீரை உள்ளிழுப்பதே இதற்குக் காரணமென 1885ஆம் ஆண்டில் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் விளக்கினார். தளர்ந்த மணலோ இதற்கு மாறாகச் சுருங்குகின்றது. அதன் மேலுள்ள கட்டடமும் தாழ்கின்றது.

இங்குதான் நீரின் பங்கு முக்கியமாகின்றது. மண்ணின் மீதான மொத்த அழுத்தத்தில் நீர் தாங்கும் பங்கைக் கழித்தால் எஞ்சுவதே மணிகளை இறுக்கும் அழுத்தம். நவீன மண் பொறியியலின் தந்தையெனப் போற்றப்படும் கார்ல் டெர்சாகி வகுத்த விதி இது. நீர் நிறைந்த தளர்ந்த மணல் திடீரென அதிர்ந்தால், நீரின் அழுத்தம் உயர்ந்து மணிகளின் பிடி விட்டுப்போகும், நிலமே குழம்பாகும். ஜப்பானின் நீகாட்டா நகரில் 1964இல் அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமலே சாய்ந்தது இவ்வாறுதான்.

எமது பகுதியில் பூமியதிர்ச்சி அரிது. ஆயினும் வடகீழ்ப் பருவமழை ஆண்டுதோறும் வருகின்றது. நிலத்தடி நீர் அத்திவாரத்தின் அடிமட்டத்தைக் கடந்து மேலெழும்போது மணலின் தாங்குதிறன் ஏறத்தாழப் பாதியாகக் குறையலாம். கோடையில் உறுதியாகத் தோன்றும் நிலம் மாரியிலும் அவ்வாறே இருக்குமென நம்பலாகாது. ஓடும் நீர் மணலை அரித்துச் சென்றால் நிலைமை இன்னும் மோசமாகும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர் கல்லடி திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் சாய்ந்து நின்றதை நாம் மறந்துவிடலாகாது.

ஆகவே, பாடசாலை, வைத்தியசாலை, பாலம் போன்ற பொதுக் கட்டுமானங்களுக்கு மண் பரிசோதனை கட்டாயமாக வேண்டும். 63.5 கிலோகிராம் சம்மட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் மண்ணுள் இறங்க எத்தனை அடிகள் தேவை என எண்ணும் எளிய சோதனையே மணலின் இறுக்கத்தைக் காட்டிவிடும். வீடு கட்டுவோர் நிரப்பு மணலைப் படைபடையாக நனைத்து இறுக்குவதும், அத்திவாரத்தின் அருகே மலசலகூடக் குழி தோண்டாதிருப்பதும் அவசியம். பாலங்களுக்கும் குளக்கட்டுகளுக்கும் அண்மையில் மணல் அகழ்வதை அதிகாரிகள் அனுமதிக்கலாகாது.

சுவரில் வெடிப்புக் கண்ட பின் செலவிடும் பணத்தில் சிறு பகுதியே முன்கூட்டிய சோதனைக்குப் போதும். கடன்பட்டு வீடு கட்டும் குடும்பங்கள் நிறைந்த எமது கிராமங்களுக்கு இது தொழில்நுட்ப விடயம் மட்டுமல்ல, வாழ்வாதார விடயமுமாகும்.