வலிப்பு நோட்டில் ஏழாவது கட்டம்

வலிப்பு உள்ள பிள்ளையை வளர்க்கிற வீட்டில் பெரும்பாலும் ஒரு நோட்டு இருக்கும். எங்கள் நோட்டில் ஆறு கட்டம் போட்டிருந்தேன்: தேதி, நேரம், எத்தனை நிமிடம் நீடித்தது, எந்தக் கை இழுத்தது, காய்ச்சல் இருந்ததா, மாத்திரை தவறியதா. டாக்டர் முதலில் அதைத்தான் வாங்கிப் பார்ப்பார். மாத்திரை கேட்க ஆரம்பித்ததும் பக்கங்கள் காலியாகவே போயின. சொந்தக்காரர்கள் ஃபோன் போட்டு, "நின்னுடுச்சா? அப்பாடா, கண்டம் கழிஞ்சது" என்றார்கள். ஃபிட்ஸ் நின்றது உண்மைதான். கூடவே என் மகளின் பேச்சும் விளையாட்டும் நின்றுபோனதை எழுத அந்த நோட்டில் இடம் இல்லை.

அவளுக்குப் பத்து வயது. பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு இருட்டும்வரை ஓடிப்பிடித்து விளையாடியவள், வாசலைத் தாண்ட மறுத்தாள். திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி. தம்பி பென்சிலைத் தொட்டால் டிஃபன் பாக்ஸ் பறக்கும். வீட்டில் இதற்கு இரண்டு விளக்கம் கிடைத்தது. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்றார் என் மாமியார். "சீக்காளிப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும், விடு" என்றார் என் அண்ணன். ஒருவர் திட்டினார், ஒருவர் பரிதாபப்பட்டார். வைத்தியம் பார்க்கலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

சீக்காளிப் பிள்ளை வாடித்தான் இருக்கும் என்ற பேச்சை ஆய்வுகள் எப்போதோ தள்ளிவிட்டன. 1960-களில் இங்கிலாந்தின் வைட் தீவில், மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரும் சகாக்களும் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். பொதுவாகப் பிள்ளைகளில் நூற்றுக்கு 7 பேர் அளவில் மனநலப் பிரச்சினை இருந்தது. வலிப்பு உள்ளவர்களில் 28-க்கும் மேல். வலிப்போடு மூளையில் வேறு பாதிப்பும் இருந்தவர்களில் 58. பிறகு 2003-இல் பிரிட்டனில் வெளிவந்த இன்னொரு ஆய்வு, சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அன்றாடம் ஊசி போட்டுக்கொள்கிற அவர்களில் 11 சதவீதம் பேருக்குத்தான் மனநலச் சிக்கல். வலிப்பு உள்ளவர்களில் 37 சதவீதம். நோய் வந்த துக்கம் மட்டும்தான் காரணம் என்றால் இவ்வளவு வித்தியாசம் வராது.

வேறு என்ன காரணம்? முதலாவது மூளையே. வலிப்பு கிளம்புகிற அதே நரம்புப் பின்னல்களுக்குப் பல நேரம் கவனத்திலும் பயத்திலும் கோபத்திலும் பங்கு உண்டு. ஐஸ்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. என்ற பிரச்சினை, பின்னாளில் வலிப்பு வந்த பிள்ளைகளிடம் முதல் வலிப்புக்கு முன்பே மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது தெரிந்தது. இரண்டும் ஒரே வேரில் முளைக்கக்கூடும் என்பதற்கு இது அடையாளம்.

இரண்டாவது மருந்து. 1912 முதல் புழக்கத்தில் இருக்கும் ஃபீனோபார்பிட்டோன் சில பிள்ளைகளை ஓரிடத்தில் உட்காரவிடாது. இப்போது அதிகம் எழுதப்படும் லெவெடிராசெட்டம் வலிப்பை நன்றாக அடக்கும். ஆனால் சிலருக்கு எரிச்சலும் ஆத்திரமும் வரும். என் மகளின் டிஃபன் பாக்ஸ் விஷயத்தில் பாதிக் காரணம் அதுதான். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை மாற்றியதும் தம்பி பிழைத்தான். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மூன்றாவது, நாம் நடத்தும் விதம். என் மகளின் பள்ளிக்கூடம், மைசூர் சுற்றுலாவுக்கு "ரிஸ்க் எடுக்க முடியாது மேடம்" என்று அவளை மட்டும் விட்டுவிட்டுப் போனது. வீட்டிலோ மாமியாரின் கட்டளை: "பொம்பளைப் பிள்ளை, நாளைக்குக் கட்டிக் கொடுக்கணும், வெளியில மூச்சு விடாதே." இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த வார்த்தையையே 1999-இல் எடுத்துவிட்டார்கள். சட்டம் விட்டுவிட்டது, நாம் விடவில்லை. தனக்கு வந்திருப்பது சொல்லக் கூடாத ஒன்று என்று பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது நம் வீட்டுக் கிசுகிசுப்பில்தான்.

பெங்களூரில் இருப்பதில் எங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ், மனநல மருத்துவமனையையும் மனநலப் பயிற்சி நிறுவனத்தையும் 1974-இல் இணைத்து உருவானது. நரம்பு வைத்தியமும் பிள்ளைகளின் மனநல வைத்தியமும் ஒரே வளாகத்தில். கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர்களின் தமிழ் அங்கே எந்நேரமும் காதில் விழும். மண்டியா பக்கத்து அம்மா ஒருவர் என் அருகில் உட்கார்ந்திருந்தார். அவர் பையனுக்குத் தலையில் வெந்நீர் ஊற்றினால்தான் வலிப்பு வரும். தென் கர்நாடகத்தில் இது அபூர்வம் அல்ல. நிம்ஹான்ஸ் மருத்துவர் சதீஷ்சந்திராவும் சகாக்களும் 1988-இலேயே இப்படிப்பட்ட 279 பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நீரின் சூட்டைக் குறைப்பது, தலைக்குக் குளிப்பதற்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்னால் க்ளோபசாம் மாத்திரை என்று எளிய வழிகள் உண்டு. அந்தப் பையனுக்கு அப்படியே நின்றுவிட்டது. ஆனாலும் செம்பைப் பார்த்தால் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அலறுகிறானாம். அவர் வந்திருந்தது அந்தப் பயத்துக்காக.

எங்கள் முறை வந்தபோது மனநல டாக்டர் என்னைக் கேட்கவில்லை. "அம்மா, நீங்க ரெண்டு நிமிஷம் பேசாம இருங்க. பாப்பா, நீ சொல்லு. ஃபிட்ஸ் வந்தா என்ன ஆகும்னு பயமா இருக்கு?"

செத்துப்போய்விடுவேன் என்பாள் என்று நான் வயிற்றில் நெருப்போடு உட்கார்ந்திருந்தேன்.

"யூனிஃபார்ம் நனைஞ்சிடும். எல்லாரும் பார்ப்பாங்க."

பள்ளியில் பிரேயர் நேரத்தில் ஒருமுறை அப்படி ஆகியிருந்தது. அவளுடைய வயிற்றுவலி, வாசலைத் தாண்டாத பிடிவாதம் எல்லாவற்றுக்கும் முடிச்சு அங்கே இருந்தது. வகுப்பு டீச்சரிடம் பேசி, ஸ்டாஃப் ரூமில் ஒரு செட் யூனிஃபார்மும் ஒரு போர்வையும் வைத்தோம். விழுந்தால் இரண்டு தோழிகள் போர்வையை மறைப்பாகப் பிடிக்க வேண்டும். டீச்சர் அவளை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையில் சாவியோ இரும்போ திணிக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. கூடவே, பயத்தைப் படிப்படியாகச் சந்திக்கிற பயிற்சி. முதலில் வாசல், பிறகு தெருமுனைக் கடை, பிறகு தோழி வீடு. போர்வை இதுவரை மடிப்புக் கலையவில்லை, ஆனால் அது அங்கே இருக்கிறது என்பதே அவளுக்குப் பாதி மருந்தாக இருந்தது.

சில பிள்ளைகளுக்குப் பேச்சு போதாது, மனநல மருந்தும் தேவைப்படும். "அது ஃபிட்ஸைக் கிளப்பிவிடுமே" என்று பலர் பயப்படுகிறார்கள். மனச்சோர்வுக்கும் ஏ.டி.எச்.டி.க்கும் தரப்படும் வழக்கமான மருந்துகளை, டாக்டர் கண்காணிப்பில், பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகவே கொடுக்க முடிகிறது.

நிம்ஹான்ஸ் குழு பெங்களூர் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் எடுத்த பெரிய கணக்கெடுப்பில் ஆயிரத்துக்கு 8.8 பேருக்கு வலிப்பு இருந்தது. நகரத்தில் 5.7, கிராமத்தில் 11.9. மனநல டாக்டரைப் பார்ப்பது எங்கே கஷ்டமோ, அங்கேதான் வலிப்பு இரண்டு மடங்கு. அதனால் முதல் கவனிப்பு வீட்டிலிருந்துதான் வர வேண்டும். என் நோட்டில் இப்போது ஏழாவது கட்டம் இருக்கிறது: தூக்கம், பசி, கோபம், யாரோடு விளையாடினாள். வாரத்துக்கு ஒரு வரி எழுதினாலே போதும். பருவ வயதுப் பிள்ளை "நான் இருந்து என்ன பயன்" என்ற மாதிரிப் பேசினால் நடிப்பு என்று தள்ள வேண்டாம். சாகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். இரவு நேரமானால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவச அரசுச் சேவை, தமிழிலும் பேசலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்குத் தூக்கம் போயிருந்தால் அவரும் அதே எண்ணில் பேசலாம்.

ஓ.பி.யில் நமக்குக் கிடைக்கிற நேரம் கொஞ்சம். மருந்துச் சீட்டு எழுதி முடித்து எழுந்திருக்கும்போது, "இன்னொண்ணு டாக்டர்..." என்று இழுத்தால் காரியம் ஆகாது. உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்: "ஃபிட்ஸ் இல்லை டாக்டர், ஆனா பிள்ளை மூணு வாரமா யார்கூடவும் பேசறதில்லை. அதைத்தான் இன்னைக்கு முதல்ல பார்க்கணும்."