மீன்பிடி தடைக்காலம்: பெரிய இன்ஜின் மாட்டினால் படகு வேகமாகப் போகுமா? செலவுக்கு முன் தெரிய வேண்டியவை

தென்காசி அருகே உள்ள குத்துக்கல்வலசையில் கடல் கிடையாது. ஆனால் இந்த ஊர் இரண்டு கடற்கரைகளுக்கு நடுவே இருக்கிறது. கிழக்கே சுமார் 100 கி.மீ. போனால் தூத்துக்குடி. மேற்கே செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாக ஏறக்குறைய அதே தூரம் போனால் கொல்லம். குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஜூன் மாதத்தில், சில நாட்கள் இரண்டு கரையிலும் விசைப்படகுகள் ஒரே நேரத்தில் ஓய்வில் நிற்கும்.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடி தடைக்காலம். 2001-ல் 45 நாட்களாகத் தொடங்கிய தடை, 2017-ல் 61 நாட்களாக நீண்டது. கேரளாவில் இழுவைப் படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் தடை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

படகைக் கரையேற்றி மராமத்து பார்க்கும் காலம் இது. பெயின்ட் அடிப்பதோடு சேர்த்துப் பல உரிமையாளர்கள் யோசிக்கும் விஷயம் இன்னொன்று உண்டு: "இந்த சீசனுக்குப் பெரிய இன்ஜின் போட்டுடலாமா?" வேகமாகப் போனால் முதலில் மீன் இருக்கும் இடத்துக்குச் சேரலாம், சீக்கிரம் திரும்பினால் நல்ல விலை கிடைக்கும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு எப்போது சரியாக வரும், எப்போது கையைக் கடிக்கும்?

இருமடங்கு ஹெச்பி போட்டால் இருமடங்கு வேகம் வருமா?

வராது. காரணம் தண்ணீர். படகு வேகம் எடுக்க எடுக்க, தண்ணீர் தரும் எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடும்.

இதில் படகின் அடிப்பாக வடிவம்தான் முக்கியம். பொதுவாக இரண்டு வகை.

முதல் வகை, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் கனமான படகுகள். விசைப்படகுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். இவற்றுக்கு நீளத்தைப் பொறுத்து இயல்பான ஒரு வேக எல்லை உண்டு. தண்ணீரில் பதிந்திருக்கும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. 36 அடி என்றால் வர்க்கமூலம் 6. எல்லை சுமார் 8 நாட். 49 அடி என்றால் சுமார் 9.4 நாட்.

அந்த எல்லையை நெருங்கியதும், படகு தானே எழுப்பிய அலைமேல் ஏறப் பார்க்கும். கூடுதலாகக் கொடுக்கும் சக்தியில் பெரும்பகுதி அலையைப் பெரிதாக்கத்தான் போகும். இவ்வகைப் படகில் இன்ஜின் சக்தியை இருமடங்காக்கினால் வேகம் அதிகபட்சம் 26 சதவீதம்தான் கூடும். எல்லையைத் தொட்டுவிட்ட படகில் அதுவும் கிடைக்காது.

இரண்டாவது வகை, வேகம் பிடித்ததும் தண்ணீர்மேல் எழுந்து வழுக்கிக்கொண்டு போகும் இலகுவான படகுகள். அடிப்பாகம் தட்டையாக உள்ள ஃபைபர் படகுகள் பாரம் குறைவாக இருக்கும்போது இப்படி ஓடும். இவற்றில் சக்தியை இருமடங்காக்கினால் வேகம் சுமார் 41 சதவீதம் கூடலாம். 9.9 ஹெச்பி அவுட்போர்டு மோட்டாரை எடுத்துவிட்டு 15 ஹெச்பி மாட்டினால், 12 நாட்டில் ஓடிய படகு 15 நாட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். புது மோட்டாரின் கூடுதல் எடையைக் கழித்தால் இன்னும் குறையும்.

டீசல் கணக்கு என்ன சொல்கிறது?

கனமான படகு ஒன்று 15 நாட்டிக்கல் மைல் தள்ளிப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 8 நாட் வேகத்தில் 1 மணி 52 நிமிடம் ஆகும். இன்ஜின் சக்தியை இருமடங்காக்கி, எல்லாம் கூடிவந்து 10 நாட் கிடைத்தால் 1 மணி 30 நிமிடம். மிச்சம் 22 நிமிடம்.

அந்த 22 நிமிடத்துக்கு என்ன விலை? முழு சக்தியில் ஓடும் இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய இருமடங்கு எரிபொருள் குடிக்கும். பயண நேரம் குறைவதைக் கழித்தாலும், அதே தூரத்துக்குச் செலவு சுமார் 60 சதவீதம் கூடும். வழுக்கி ஓடும் ஃபைபர் படகிலும் 40 சதவீதம் அளவுக்குக் கூடும். மானிய டீசலுக்கு உச்சவரம்பு இருப்பதால், பெரிய இன்ஜின் அந்த ஒதுக்கீட்டைச் சீக்கிரமே தீர்த்துவிடும். மீதி நாட்களுக்கு வெளிச்சந்தை விலைதான்.

தமிழக அரசு தடைக்கால நிவாரணத்தை 2023-ல் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவித்தது. வருமானம் இல்லாத இரண்டு மாதத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் அரசு உதவி அது. அதே இரண்டு மாதத்தில் வட்டிக்கு வாங்கி இன்ஜின் மாற்றுபவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்ஜின் மாற்றாமலே வேகம் கூட்ட முடியுமா?

முடியும். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடிப்பாகம்: பாசியும், சிப்பி போல ஒட்டிக்கொள்ளும் உயிர்களும் படிந்த படகு, பிரேக் பிடித்தபடி ஓடும் வண்டி மாதிரி. சுரண்டிச் சுத்தம் செய்து, அவை ஒட்டாமல் தடுக்கும் பெயின்ட் அடித்தாலே பழைய ஓட்டம் திரும்பும்.

எடை: தண்ணீர் ஊறிய ஃபோம், பயன்படாத பழைய வலை, அடியில் தேங்கிய நீர் எல்லாமே சும்மா சுமக்கும் பாரம். வழுக்கி ஓடும் படகில் மொத்த எடை 1,000 கிலோவிலிருந்து 800 கிலோவாகக் குறைந்தால், அதே இன்ஜினில் வேகம் சுமார் 12 சதவீதம் கூடும்.

புரொப்பல்லர்: ஒரு சுற்றில் புரொப்பல்லர் எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பதைக் குறிக்கும் அளவு பிட்ச். பிட்ச் ஓர் அங்குலம் மாறினால் இன்ஜின் வேகம் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை மாறும். முழு த்ராட்டிலில் எத்தனை சுற்று வர வேண்டும் என்று இன்ஜின் கையேட்டில் இருக்கும். அதை எட்டாமல் முக்கினால் பிட்ச் அதிகம். அதைத் தாண்டி அலறினால் பிட்ச் குறைவு. "இன்ஜின் இழுக்கவே மாட்டேங்குது" என்ற புகாருக்குப் பல நேரம் காரணம் இதுதான். வளைந்த, விளிம்பு உடைந்த இறக்கைகளும் வேகத்தைத் தின்னும்.

மோட்டார் உயரம்: அவுட்போர்டில் புரொப்பல்லருக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்கு நேராக வர வேண்டும். மேலே போனால் புரொப்பல்லர் காற்றை இழுத்து வீணாகச் சுற்றும். கீழே இறங்கினால் தண்ணீர் எதிர்ப்பு கூடும்.

லாரி இன்ஜின் ஹெச்பியும் படகு இன்ஜின் ஹெச்பியும் ஒன்றா?

தகட்டில் ஒரே எண் இருந்தாலும் வேலை ஒன்றல்ல. புளியரை எஸ் வளைவில் மலை ஏறும் லாரி, உச்சியைத் தாண்டியதும் இறக்கத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளும். படகுக்கு இறக்கமே கிடையாது. மணிக்கணக்கில் மலை ஏறிக்கொண்டே இருப்பது போலத்தான். அதனால் சிறிது நேரம் தரும் உச்ச சக்தியைப் பார்க்காமல், தொடர்ந்து தரக்கூடிய சக்தி எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும். படகுக்குள் பொருத்தும் இன்ஜின் என்றால் கியர்பாக்ஸ், ஷாஃப்ட், இன்ஜின் உட்காரும் சட்டம் எல்லாம் புதிய விசையைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். இன்ஜின் விலையோடு இந்தச் செலவும் சேரும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

அவுட்போர்டு மோட்டாரின் எடை, தள்ளும் விசை இரண்டையும் தாங்குவது படகின் பின்பக்கப் பலகை. வெளியே ஃபைபர் பளபளப்பாக இருக்கும். உள்ளே மரம் உளுத்திருக்கலாம். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இடத்தில் கெட்டியான சத்தமும், உளுத்த இடத்தில் மந்தமான சத்தமும் கேட்கும். பழைய மோட்டாரைத் தாங்கிய பலகை புதியதைத் தாங்கும் என்று நம்பிப் போனால், நடுக்கடலில் தெரியவரும்.

பின்பக்கம் எடை கூடினால் படகு பின்னால் அமுங்கும். அலை பின்புறமாக உள்ளே ஏறும். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளில், எத்தனை ஹெச்பி வரை மாட்டலாம், எவ்வளவு எடை ஏற்றலாம் என்று தகடு பொருத்துவது 1972 முதல் கட்டாயம். ரப்பர் படகு போன்ற சில வகைகளுக்கு மட்டும் விலக்கு. நம் ஊரில் படகு கட்டியவரிடமே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

படகை மாற்றியமைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கேரளாவின் தானூர் விபத்து காட்டியது. 2023 மே 7-ல் கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்த அந்தச் சுற்றுலாப் படகு, முன்பு மீன்பிடிப் படகாக இருந்தது. அதில் அளவுக்கு மீறி ஆட்களும் ஏற்றப்பட்டிருந்தனர். மாற்றிய பிறகு படகின் நிலைப்புத்தன்மையைச் சோதிக்காமல் தண்ணீரில் இறக்கக் கூடாது என்பதே பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழகத்தில் மீன்பிடிப் படகுகள், 1983-ம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதன் 2020 விதிகள்படி, விசைப்படகின் நீளம் 24 மீட்டரையும் இன்ஜின் 240 குதிரைத்திறனையும் தாண்டக் கூடாது. அதிவேக இன்ஜின் பொருத்திய படகுகள் மீனை மொத்தமாக அள்ளிவிடுகின்றன என்பது மற்ற மீனவர்களின் நீண்டகாலக் குறை. இதற்காகச் சென்னை காசிமேட்டில் போராட்டங்களும் நடந்துள்ளன.

தடைக்காலத்திலேயே மீன்வளத் துறை அதிகாரிகள் படகுகளை நேரில் ஆய்வு செய்கிறார்கள். ஆவணத்தில் ஓர் இன்ஜின், படகில் வேறு இன்ஜின் என்றால் மானிய டீசலுக்குச் சிக்கல் வரும். ஏரி, ஆறுகளில் ஓடும் மோட்டார் படகுகளுக்கு 2021-ம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் இருக்கிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்ன செய்யலாம்?

• அடிப்பாகத்தைச் சுத்தம் செய்து, தேவையற்ற எடையை இறக்குங்கள்.

• முழு த்ராட்டிலில் இன்ஜின் கையேட்டில் உள்ள சுற்றை எட்டுகிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் புரொப்பல்லரை மாற்றுங்கள்.

• ஜிபிஎஸ் வைத்து, வழக்கமான பாரத்தோடு இரு திசையிலும் ஓட்டிச் சராசரி வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீரோட்டம் ஏமாற்றாமல் இருக்க இதுவே வழி.

• அந்த வேகம் படகின் நீளத்துக்கான எல்லையை ஏற்கெனவே தொட்டிருந்தால், பெரிய இன்ஜின் டீசலைத்தான் குடிக்கும்.

• அதன் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், பின்பலகையைச் சோதித்து, மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்து, பதிவில் புது இன்ஜின் எண்ணை ஏற்றிய பிறகு கடலில் இறக்குங்கள்.