கார்புரேட்டர் வேலைக்குப் பின் திணறும் வண்டி: பழுதும் பரிகாரமும்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் மல்லிகை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வந்து சேரும் மொபெட்டுகளையும், மேலூர்ச் சாலையில் பால் கேன்களைச் சுமந்து ஓடும் பழைய மோட்டார் சைக்கிள்களையும் பார்த்தவர்களுக்கு, கார்புரேட்டர் என்னும் சிறு உறுப்பு இந்த வட்டாரத்து ஜீவனத்தோடு எவ்வளவு பிணைந்தது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் 1-இல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அதற்கு முன் வாங்கியவையோ இன்றும் கார்புரேட்டரை நம்பியே ஓடுகின்றன. அதைச் சுத்தம் செய்யக் கொடுத்து, கூலியும் சாமான் விலையும் கொடுத்துத் திரும்ப வாங்கி, மறுநாளே ஏ.வி. பாலத்து நெரிசலில் வண்டி மிஸ்ஸிங் அடித்து நின்றுபோக, மீண்டும் ஒர்க் ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனால், "பழைய வண்டிதானே அண்ணே, இப்படித்தான் இருக்கும்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்புகிறவர்கள் அநேகர். அந்தப் பதிலை அப்படியே ஏற்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அதை மறுப்பதற்குப் பழுதின் தன்மையை அறிந்திருக்க வேண்டும். அதற்கான சான்று அழிவதற்கு முன் அதைக் கையில் எடுத்துக்கொள்ளவும் வேண்டும்.

யந்திரம் தன் குறையைத் தானே ஓரளவு சொல்லிவிடும். சோக் இழுத்தால் ஓடி, விட்டால் அணைந்துபோகும் வண்டியில், ஸ்லோ ஜெட் அடைந்திருக்கிறது என்றோ, எங்கோ வெளிக்காற்றை இழுக்கிறது என்றோ சந்தேகிக்கலாம். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ஐடிலிங் உயர்ந்தே நின்று மெதுவாக இறங்குமானால், கார்புரேட்டரும் இன்ஜினும் சேருமிடத்து மேனிஃபோல்டு ரப்பரோ ஓ-ரிங்கோ சரியாக அமரவில்லை என்பதற்கே சாத்தியம் அதிகம். வண்டி நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடும்போது அந்த இணைப்பின்மேல் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பார்த்தால், ஓட்டத்தின் வேகம் மாறுவதைக் கொண்டு கசிவைக் கண்டுபிடிக்கலாம். சிலர் செய்வதுபோலப் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பது உயிருக்கே ஆபத்தானது, ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. காற்றை அதிகமாகவும் பெட்ரோலைக் குறைவாகவும் பெறும் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் நிலைக்கும் போகக்கூடும் என்பதால், அப்படிப்பட்ட வண்டியைச் சித்திரை வெயிலில் திருமங்கலம் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று துணிவது நஷ்டத்தை வரவழைத்துக்கொள்வதாகும்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. அடைந்த ஜெட்டை ஊதித் திறப்பதற்குப் பதிலாக இரும்புக் கம்பியால் குத்தித் திறக்கும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. நூலிழை போன்ற அந்தத் துவாரத்தின் அளவுதான் பெட்ரோலின் அளவை நிர்ணயிக்கிறது. குத்தி அகன்றுவிட்ட துவாரம் மறுபடியும் சுருங்குவதில்லை. அதன்பின் கரும்புகையும், மைலேஜ் வீழ்ச்சியும், ஏறி இறங்கும் திணறலும் நிரந்தரமாகிவிடும். ஓடி வந்த வண்டியை அணைத்து, சூடு ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், வெளிர் செங்கல் நிறம் கலவை சரியென்பதையும், புகைக்கரி படிந்த கருமை பெட்ரோல் மிகுதியையும், வெளுப்பு காற்று மிகுதியையும் ஓரளவு காட்டும். ஃப்ளோட் நீடிலில் தூசி சிக்கினால் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே பெட்ரோல் சூடான இன்ஜின்மேல் சொட்டவும் கூடும்; அந்நிலையில் டேப்பை அடைத்து, வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மெக்கானிக்குக்கும் நியாயம் செய்ய வேண்டும். பிளக்கோ, காயிலோ, டேப்பெட் இடைவெளியோ தவறியிருந்தாலும் வண்டி இதேபோலத்தான் திணறும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்ப்பதால், பல வாரம் நின்றுபோன வண்டியின் ஃப்ளோட் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருக்கவும் கூடும். ஆகையால் வேலைக்கு விடும்போதே வண்டியின் குறையை எழுதிக் கொடுத்து, வேலைக்கு முன்னும் பின்னும் புகைப் பரிசோதனை செய்து சீட்டு வாங்கி வைத்துக்கொள்வதே சிறந்த உபாயம். அச்சீட்டில் கார்பன் மோனாக்சைடின் சதவீதம் அச்சாகியிருக்கும். 2000 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 4-க்கு முன்வரை தயாரான வண்டிகளுக்கு உச்ச வரம்பு 3.5 சதவீதம். வேலைக்கு முன் வரம்புக்குள் இருந்த எண் வேலைக்குப் பின் ஏறிவிட்டதென்றால், இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது வாதத்துக்கு அதிக இடமிராது. மாற்றிய ஜெட்டையும் கேஸ்கெட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளவும் தயங்க வேண்டாம். பில்லில் போட்டிருப்பது கம்பெனிச் சாமானா லோக்கல் சாமானா என்பதையும் எழுதச் சொல்ல வேண்டும்.

2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பணம் பெற்றுச் செய்த வேலையிலுள்ள குறைபாட்டைச் சேவைக் குறைபாடாகக் கொள்கிறது. பில் தராமலிருப்பதையும், குறைபாடுள்ள சேவையைத் திரும்பப் பெற்றுப் பணத்தை முப்பது நாளுக்குள் திருப்பித்தர மறுப்பதையும் நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே வகைப்படுத்துகிறது. பில் இல்லையென்று மனந்தளர வேண்டாம்: ஜிபே, போன்பே வழியே சென்ற பணத்தின் பதிவும் சான்றுதான். பூ விற்பவரும் பால் ஊற்றுபவரும் தம் வண்டியைச் சொந்த உழைப்பால் ஜீவனம் நடத்துவதற்கே பயன்படுத்துவதால், அது வியாபாரம் என்று சொல்லி அவர்களுடைய நுகர்வோர் உரிமையை மறுத்துவிட முடியாது. இச்சலுகையை நம் சுற்றுப்புறக் கிராமத்து மக்கள் இன்னும் போதிய அளவு அறியவில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை.

முதலில் ஒர்க் ஷாப்புக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் எழுத வேண்டும். இன்ன தேதியில் இன்ன வேலைக்கு இவ்வளவு கொடுத்தேன், இன்ன குறை தோன்றியது, இத்தனை நாளுக்குள் சரிசெய்து தாருங்கள் என்றால் போதும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதுவும் பயனளிக்கவில்லையென்றால், குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, மதுரைக்காரர் மதுரையிலேயே, குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டாதவரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இதற்குள் வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்து வண்டியைச் சரிசெய்ய நேரிட்டால், அவர் கண்ட குறையை எழுத்தில் வாங்கி, கழற்றிய உறுப்புகளைப் படமெடுத்து, ஒரு கவரில் போட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். ஆணையத்தின் தீர்ப்பால் பாதிக்கப்பட்டவர் நாற்பத்தைந்து நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்புக்குக் கீழ்ப்படியாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையோ, இருபத்தைந்தாயிரம் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கவும் அச்சட்டத்திலேயே இடமுண்டு.