இருவர் பங்கில் ஒரு விமானம்

கம்பத்திலிருந்து குமுளி மலைப்பாதையில் ஏறி, வண்டிப்பெரியாறு பக்கம் போனால் சத்திரம் என்ற இடம் வரும். 2022 டிசம்பர் 1-ஆம் தேதி அங்கே ஒரு சின்ன விமானம் தரையிறங்கியது. என்.சி.சி. மாணவர்களின் பயிற்சிக்காக மலைமேல் அமைத்த ஓடுதளம் அது. நீளம் 650 மீட்டர். அதே ஆண்டில் முன்பு நடந்த சோதனைகளில், ஓடுதளத்துக்கு எதிரே நின்ற குன்று இடைஞ்சலாக இருந்ததால் விமானம் இறங்காமலே திரும்பியிருந்தது. கடைசியில் இறங்கியது ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் நிறுவனம் வடிவமைத்த வைரஸ் எஸ்.டபிள்யூ. 80. இரண்டு பேர் உட்காரலாம். இன்ஜினின் திறன் 80 குதிரைத்திறன். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பல கார்களுக்கும் அவ்வளவுதான்.

மதுரை விமான நிலைய ஓடுதளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும். பயணிகள் ஜெட்டுக்கு அது வேண்டும். சிறிய விமானத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். சொந்த விமானம் என்றதும் தொழிலதிபர்களின் ஜெட்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மாதச் சம்பளக்காரர்களும் விவசாயிகளும் நண்பர்களோடு பங்கு சேர்ந்து சிறிய விமானம் வாங்குவது வெகுகாலமாக உள்ள வழக்கம். இந்தியாவில் செலவும் அதிகம், இறங்குமிடங்களும் குறைவு. இருந்தாலும் முடியாத காரியமல்ல. பங்கு சேர்வது பணம் போதாதவர்களின் வழி என்று மட்டும் நினைக்க வேண்டாம். அந்த இயந்திரத்துக்கே அதுதான் நல்லது.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். உலகில் மிக அதிக எண்ணிக்கையில் தயாரான விமானம் செஸ்னா 172. 1956-ல் விற்பனைக்கு வந்த இந்த வகையில் இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். நான்கு இருக்கைகள்; இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே உள்ள நிலம் நன்றாகத் தெரியும். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 11 மீட்டர். பிந்தைய மாடல்களில் 160 அல்லது 180 குதிரைத்திறன் இன்ஜின். மணிக்கு ஏறக்குறைய 220 கிலோமீட்டர் வேகத்தில் போகும். மணிக்கு 30 லிட்டருக்கு மேல் எரிபொருள் குடிக்கும். இதைவிடச் சிறியது இரண்டு இருக்கை செஸ்னா 152. அதற்கு 110 குதிரைத்திறன், மணிக்கு 23 லிட்டர் அளவு.

பிந்தைய 172-க்கும் 152-க்கும் இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். ரேடியேட்டர் கிடையாது, எதிர்க்காற்றே குளிர்விக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குத் தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ. மேக்னெட்டோ, இன்ஜினின் சுழற்சியிலிருந்தே பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்ளும். அதனால் நடுவானில் பேட்டரி செத்தாலும் இன்ஜின் ஓடும். ஒரு மேக்னெட்டோ பழுதானால் மற்றது தாங்கும். இன்ஜின் முழுவதும் நின்றால்கூட விமானம் கல் மாதிரி விழாது. 1,000 மீட்டர் உயரத்தில் இருந்தால், காற்று அமைதியாக இருக்கும்போது, சுமார் 9 கிலோமீட்டர் சறுக்கிப் போகும். அதற்குள் ஒரு தட்டையான நிலத்தைத் தேடிக்கொள்ளலாம்.

இந்த இன்ஜினுக்குப் பெரிய பகை ஓட்டமல்ல, ஓய்வு. இந்த செஸ்னாக்களில் உள்ள லைக்கமிங் நிறுவன இன்ஜினில் கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. பல வாரம் ஓடாமல் நின்றால் அதன்மேல் படிந்த எண்ணெய் வழிந்துவிடும்; ஈரக்காற்று பட்டுத் துரு ஏறும்; அடுத்த முறை ஓட்டும்போது அந்தத் துருவே உலோகத்தை அரைத்துத் தின்னும். அதனால்தான் தயாரிப்பாளர், முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க இரண்டு கெடு வைக்கிறார்: பெரும்பாலான மாடல்களுக்கு 2,000 மணி நேர ஓட்டம், அல்லது 12 ஆண்டுகள், எது முதலில் வருகிறதோ அது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. தொழிலைப் பார்த்துக்கொண்டு வார விடுமுறையில் பறப்பவர் ஆண்டுக்கு 50 மணி நேரம் பறந்தால் அதிகம். 12 ஆண்டில் 600 மணி. அதாவது 2,000 மணி நேர ஆயுளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்குகூட அனுபவிக்காமல் இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். இருவர் சேர்ந்தால் 1,200 மணி. நால்வர் சேர்ந்தால் பத்தே ஆண்டில் 2,000 மணி. ஒரு மணி நேரமும் வீணாகாது. நிறுத்தும் வாடகை, காப்பீடு, வருடாந்திரச் சோதனை ஆகியவை பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் செலவுகள். அவை ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், தனியாளுக்கு மணிக்கு 12,000 ரூபாய்; இருவருக்கு 6,000; நால்வருக்கு 3,000. எரிபொருள் செலவு மட்டும் யாருக்கும் குறையாது.

இந்தியாவின் வான்வரலாற்றிலும் இப்படிப்பட்ட கூட்டு உண்டு. 1929-ல் நெவில் வின்சென்ட், நியூவால் என்ற இரு விமானிகள் இரண்டு பழைய டி.எச்.9 விமானங்களோடு இந்தியா வந்து ஊர் ஊராகப் பறந்து காட்டினார்கள். பிறகு அந்த வின்சென்ட்தான் ஜே.ஆர்.டி. டாட்டாவோடு சேர்ந்து அஞ்சல் விமானப் போக்குவரத்தைத் தொடங்கினார். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி கராச்சியிலிருந்து பம்பாய் வரை டாட்டா விமானத்தில் கொண்டுவந்த தபாலை, பம்பாயிலிருந்து சென்னைக்குக் கொண்டுசென்றவர் அவரே.

பங்கு எப்படிப் போடுவது? தேனி மாவட்டத்து விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டுக்கிணற்றில் பாதிப் பங்கும் மோட்டார் பாத்தியமும் என்று பத்திரத்தில் எழுதி, முறை வைத்துத் தண்ணீர் இறைக்கும் ஏற்பாடு இங்கே தலைமுறைகளாக நடக்கிறது. மோட்டார் பழுதானால் யார் கொடுப்பது, முறையைத் தவறவிட்டால் என்ன, ஒருவர் பங்கை விற்றால் முதலில் யாரிடம் கேட்பது என்பதெல்லாம் அதில் தீர்த்துவைத்த கேள்விகள். விமானத்துக்கும் அதே கேள்விகள்தான். நிலைச்செலவைச் சரிபாதியாகவும், எரிபொருளையும் எண்ணெயையும் அவரவர் ஓட்டிய மணிக்கணக்கிலும் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு தொகையை இன்ஜின் நிதியாக வங்கிக்கணக்கில் போட்டுவர வேண்டும்; புதுப்பிக்கும் நாளில் யாரும் கைவிரிக்க இது இடம் தராது. காப்பீட்டில் இருவர் பெயரும் விமானிகளாக இருக்க வேண்டும். காப்பீடு ஈடுகட்டாத சேதத்தை, அப்போது ஓட்டியவர் ஏற்க வேண்டும். கண்ட பழுதை அன்றே புத்தகத்தில் எழுத வேண்டும். இருவரில் ஒருவர் "இது பறக்கத் தகுதியில்லை" என்றால் மற்றவர் மறுபேச்சில்லாமல் நிறுத்த வேண்டும். இந்தக் கடைசி விதியை ஏற்காத நண்பரோடு பங்கு சேரவே கூடாது.

பழைய விமானம் வாங்கும்போது பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் பதிவேடுகளைக் கேளுங்கள். எத்தனை மணி ஓடியது, கடைசியாக எப்போது இன்ஜின் பிரித்தது, பாதுகாப்புக்காகக் கட்டாயமாக்கப்பட்ட மாற்றங்கள் எல்லாம் நடந்தனவா என்று பாருங்கள். விற்பவருக்கு வேலை செய்யாத, உரிமம் பெற்ற பொறியாளரை நீங்களே அமர்த்திச் சிலிண்டர் அழுத்தத்தையும் இறக்கையின் உட்பக்கத் துருவையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

சட்டம் சில வாசல்களை வைத்திருக்கிறது. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, மருத்துவத் தகுதி, குறைந்தது 40 மணி நேரப் பறப்பு வேண்டும். விமானம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் வி.டி. என்று தொடங்கும் எண்ணோடு பதிவாக வேண்டும். பறக்கும் தகுதியை ஆண்டுதோறும் நிரூபிக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற முடியாது.

எரிபொருளும் யோசிக்க வேண்டிய விஷயம். செஸ்னாவுக்கு வேண்டிய ஏவ்காஸ் 100 எல்.எல். என்ற விமானப் பெட்ரோல் 2022 வரை இறக்குமதியாகவே வந்தது. அந்த ஆண்டுதான் இந்தியன் ஆயில், வதோதரா ஆலைத் தயாரிப்பை அறிமுகம் செய்தது. சத்திரத்தில் இறங்கிய வைரஸ் போன்றவற்றில் உள்ள ரோடாக்ஸ் இன்ஜின் சாதாரண பெட்ரோலிலும் ஓடும். ஆனால் அதற்கு அனுமதித்த எத்தனால் அளவு 10 சதவீதம். நம் பங்க்குகளில் வருவதோ 20 சதவீதக் கலப்பு. கேன் பிடித்து ஊற்றிவிடலாம் என்று இறங்கக் கூடாது. சத்திரம் ஓடுதளம் என்.சி.சி.க்கானது. பக்கத்தில் இருப்பது மதுரை. அங்கே நிறுத்த இடமும் எரிபொருளும் உண்டா என்பதை விலை பேசும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கின் மேல் பறப்பது தனிக் கல்வி. மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாடு, மேகமலை. தேனியிலிருந்து கூடலூர் போகப் போக இரண்டும் நெருங்கிவரும். தென்மேற்குப் பருவத்தில் கம்பம் கணவாய் வழியே பாயும் காற்றால்தான் இங்கே காற்றாலைகள் சுழல்கின்றன. அதே காற்று மலைமுகட்டைத் தாண்டி இறங்கும்போது சின்ன விமானத்தைக் கீழே அழுத்தும். இன்ஜினால் அதை வெல்ல முடியாமலும் போகலாம். அதனால் பள்ளத்தாக்கின் நடுவில் போகாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பறக்கச் சொல்கிறார்கள். திரும்ப வேண்டியிருந்தால் மறுபக்கம் முழுவதும் இடம் இருக்கும். முகட்டை நேராகத் தாண்டாமல் சாய்வாக நெருங்க வேண்டும். காற்று அழுத்தினால் பள்ளத்தாக்குப் பக்கம் சுலபமாக விலகிவிடலாம். பருவமழை மாதங்களில் விமானம் தரையில் இருப்பதே உத்தமம். மற்ற நாட்களில் விடியற்காலை நல்லது. வெயில் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைந்து, இறக்கைக்கும் இன்ஜினுக்கும் பலம் குறையும்.

ஆகவே வாங்குவதுதான் கடைசி வேலை. முதலில் இருவரும் ஒரே பயிற்சிப் பள்ளியில் உரிமம் பெறுங்கள். வாடகை விமானத்தில் ஓராண்டு சேர்ந்து பறந்து, ஒருவர் ஓட்ட மற்றவர் வரைபடம் பாருங்கள். வானிலை சரியில்லாத நாளில் நண்பர் திரும்பிவர ஒப்புகிறாரா என்று கவனியுங்கள். ஒப்பினால் மூன்றாவது, நான்காவது பங்காளியையும் தேடுங்கள். போடியிலும் சின்னமனூரிலும் என்.சி.சி. சீருடையோடு வானத்தைப் பார்க்கும் பிள்ளைகளுக்குப் பறப்பது எட்டாக்கனி இல்லை என்று காட்ட, இந்த மாவட்டத்துக்காரர்கள் நால்வர் ஒழுங்காகக் கணக்கு வைத்து ஓட்டும் ஒரு பழைய செஸ்னா போதும்.