ஷாங்காய் நகரில் ஊர் சுற்றுவது எப்படி?

(ஒரு முன்னாள் மாணவி)

"வாய் இருந்தால் வங்காளம் போகலாம்" என்பது என் அப்பத்தா அடிக்கடி சொல்லும் பழமொழி. வழி தெரியாவிட்டால் என்ன, நாலு பேரைக் கேட்டுக்கொண்டே எவ்வளவு தூரமும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது அதன் பொருள். ஆனால் வங்காளத்தையும் தாண்டிச் சீனாவுக்குப் போனால் என்ன செய்வது? நாம் கேட்பது அவர்களுக்குப் புரியாது. அவர்கள் சொல்வது நமக்குப் புரியாது. பலகையைப் படிக்கலாம் என்றாலோ, எழுத்தெல்லாம் கோலம் போட்டது போல இருக்கும்!

2019-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் எனக்கு அந்த அனுபவம் வாய்த்தது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன். அலுவல் நிமித்தமாக ஷாங்காய் நகரில் தங்கியிருந்த என் தந்தையைப் பார்க்க நானும் அப்பத்தாவும் சென்றிருந்தோம். பகல் முழுவதும் அப்பாவுக்கு வேலை. ஆகவே ஊர் பார்க்க நாங்கள் இருவரே புறப்பட வேண்டியதாயிற்று. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி. பள்ளிக்கூடத்தின் பக்கமே போயிராத, அறுபத்தாறு வயது மூதாட்டி ஒருத்தி. அந்தப் பிரயாணங்களில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை என் தங்கைகளாகிய உங்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரும் அதன் பாதாள ரயிலும்

ஷாங்காய், ஹுவாங்பு என்னும் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த பெருநகரம். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை ஏறக்குறைய 2 கோடியே 48 லட்சம். ஆற்றின் மேற்குக் கரையைப் 'புசி' என்றும் கிழக்குக் கரையைப் 'புதோங்' என்றும் அழைக்கிறார்கள். 'சி' என்றால் மேற்கு. 'தோங்' என்றால் கிழக்கு. இந்த இரண்டு சொற்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

இத்தனை மக்களையும் ஏற்றி இறக்குவதில் பெரும் பங்கு பாதாள ரயிலுக்கு உரியது. அங்கே முதல் பாதாள ரயில் 1993-ஆம் ஆண்டில்தான் ஓடியது. அன்று ஐந்தே நிலையங்கள். இன்றோ 800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, உலகின் மிகப் பெரிய பாதாள ரயில் அமைப்புகளுள் ஒன்றாக விளங்குகிறது. ஆற்று வண்டல் படிந்த இளகிய மண்ணைக் குடைந்து இதைச் செய்திருக்கிறார்கள் என்றால் அந்தப் பொறியாளர்களின் உழைப்பை என்னென்பது!

புறப்படும் முன்

வீட்டை விட்டு இறங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தங்கியிருக்கும் இடத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைச் சீன எழுத்தில் எழுதி வாங்கி, ஆளுக்கொரு சீட்டாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய முகவரி பலருக்கும் புரியாது. முதல் நாளே அப்பா இரண்டு சீட்டுகள் எழுதித் தந்தார். என்னுடையதை நான் புத்தகப் பையில் போட்டேன். அப்பத்தா தன்னுடையதை நான்காக மடித்து இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

கூகுள் வரைபடத்தை நம்பிப் போவதும் கூடாது. அந்நிறுவனத்தின் சேவைகள் சீனாவில் தடுக்கப்பட்டுள்ளன. பாதாள ரயிலின் படத்தைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்வது நல்லது.

டிக்கெட் வாங்குதல்

நிலையத்துக்குள் நுழைந்ததும் முதலில் பைகளைச் சோதனை இயந்திரத்தின் வழியே அனுப்ப வேண்டும். விமான நிலையத்தில் செய்வது போலத்தான். தண்ணீர் பாட்டில் வைத்திருந்தால் ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொல்வதும் உண்டு. பயப்பட வேண்டியதில்லை, எல்லாருக்கும் அதே விதிதான்.

டிக்கெட் தரும் இயந்திரத்தில் சீனத்தோடு ஆங்கிலமும் உண்டு. போக வேண்டிய நிலையத்தைத் திரையில் தொட்டுப் பணத்தைப் போட்டால், மெல்லிய அட்டை ஒன்று வரும். முதல் 6 கிலோமீட்டருக்குக் கட்டணம் 3 யுவான்; அதற்கு மேல் ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் 1 யுவான் கூடும். அப்போது ஒரு யுவான் நம் கணக்கில் சுமார் பத்து ரூபாய். புதோங் விமான நிலையத்திலிருந்து நகரின் நடுவிலுள்ள மக்கள் சதுக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். கட்டணம் 7 யுவான்தான்.

உள்ளே போகும்போது அட்டையைக் கதவின் மேல் தொட்டுக் காட்ட வேண்டும். வெளியே வரும்போது துவாரத்தில் போட்டுவிட வேண்டும். இடையில் தொலைத்துவிட்டால் சிரமம். பல நாள் தங்குபவர்களுக்குப் பணம் நிரப்பிப் பயன்படுத்தும் அட்டை உண்டு. பஸ்ஸிலும் படகிலும்கூட அது செல்லும். உள்ளூர் மக்களோ அலிபே, வீசாட் ஆகிய செயலிகளின் மூலம் கைப்பேசியைக் காட்டியே போய்விடுகிறார்கள். நாங்கள் சென்ற காலத்தில் வெளிநாட்டவருக்கு அது எளிதாக இல்லை. 2023 முதல் நம் நாட்டவர் போன்றோரும் தங்கள் வங்கி அட்டையை அச்செயலிகளில் இணைப்பது எளிதாகியிருக்கிறது.

எண்ணும் நிறமும்

ஒவ்வொரு தடத்துக்கும் ஓர் எண், ஒரு நிறம். முதல் தடம் சிவப்பு; இரண்டாம் தடம் பச்சை; பத்தாம் தடம் வெளிர் ஊதா. தூண், பலகை, அம்புக்குறி எல்லாம் அந்தந்த நிறத்திலேயே இருக்கும். சிவப்பு வண்டியிலிருந்து பச்சை வண்டிக்கு மாற வேண்டுமானால் பச்சை நிறத்தைத் தொடர்ந்து நடந்தால் போதும். வண்டிக்குள் நிலையங்களின் பெயரைச் சீனத்திலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பார்கள்.

திசையில் மட்டும் கவனம் தேவை. இரண்டாம் தடத்தில் மக்கள் சதுக்கத்துக்குக் கிழக்கே அடுத்த நிலையம் 'நான்ஜிங் தோங் லூ'. மேற்கே அடுத்த நிலையம் 'நான்ஜிங் சி லூ'. ஒன்று கிழக்குச் சாலை, மற்றொன்று மேற்குச் சாலை. 'தோங்', 'சி' என்ற ஓர் அசையைக் கவனிக்காவிட்டால் ஆற்றங்கரைக்குப் போக வேண்டியவர் எதிர்த்திசையில் போய்விடுவார்!

வெளியேறும் வழிக்குச் சீனத்தில் 'சூகோ' என்று பெயர். இரண்டு எழுத்துகள். முதலாவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரு மலைகளைப் போலிருக்கும். இரண்டாவது வெறும் சதுரக் கட்டம். அந்தக் கட்டத்துக்கு 'வாய்' என்று பொருள். நாம் 'வாயில்' என்கிறோம் அல்லவா? அவர்களும் வாசலை வாய் என்றே எழுதுகிறார்கள். இதை அப்பத்தாவிடம் சொன்னேன். "பார்த்தாயா, வாய் இருந்தால் போகலாம் என்று நான் சொன்னது சரிதானே?" என்று சிரித்தார். அன்று முதல் கட்டம் போட்ட எழுத்தைக் கண்டால் அவரே எனக்கு வழிகாட்டத் தொடங்கினார்.

பெரிய நிலையங்களில் பத்துக்கும் மேற்பட்ட வாயில்கள் உண்டு. எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் ஏறி வந்தால், போக வேண்டிய இடம் அகன்ற சாலைக்கு அப்பால் இருக்கும்.

பஸ், படகு, பறக்கும் ரயில்

நகரப் பஸ்ஸில் கட்டணம் பெரும்பாலும் 2 யுவான். முன்வாசலில் ஏறி, ஓட்டுநர் அருகிலுள்ள பெட்டியில் சரியான காசைப் போட வேண்டும்; மீதிச் சில்லறை கிடைக்காது. நிறுத்தங்களின் பெயர் பலவும் சீன எழுத்திலேயே இருப்பதால், புதியவர்கள் பாதாள ரயிலில் பழகிய பிறகு பஸ்ஸில் ஏறுவது நலம். ஆனாலும் ஒரு பஸ்ஸைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு செல்லும் மின்சார பஸ்கள் இங்கே 1914-ஆம் ஆண்டு முதல் ஓடுகின்றன. இன்றும் தொடர்ந்து இயங்கும் அத்தகைய அமைப்புகளில் உலகிலேயே பழைமையானது இதுதான்.

ஆற்றைக் கடக்க அரசுப் படகு உண்டு. அதற்கும் 2 யுவான்தான். உல்லாசப் படகில் பல மடங்கு கொடுத்துக் காணும் இரு கரைகளையும், வேலைக்குச் செல்லும் மக்களோடும் அவர்களுடைய சைக்கிள்களோடும் நின்றபடியே பார்த்துவிடலாம்.

புதோங் விமான நிலையத்திலிருந்து லோங்யாங் சாலை வரை 30 கிலோமீட்டர் தூரத்துக்குக் காந்த ரயில் ஓடுகிறது. 2004-இல் பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது. காந்த விசையால் பாதைக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே மிதந்து செல்வதால், சக்கரம் தண்டவாளத்தில் உராய்வது என்ற பேச்சே இல்லை. நாங்கள் சென்ற வேளையில் வேகம் மணிக்கு 431 கிலோமீட்டரைத் தொட்டது. 2021 முதல் 300 கிலோமீட்டராகக் குறைத்துவிட்டார்கள். அப்படியும் எட்டு நிமிடத்தில் கொண்டு சேர்த்துவிடும். "மூச்சு விடுவதற்குள் வந்துவிட்டதே, இதற்கா ஆளுக்கு ஐம்பது யுவான்?" என்பது அப்பத்தாவின் விமர்சனம்.

கணித மேதையின் ஊர்

முதல் தடம் தொடங்கிய நாளில் இருந்த ஐந்து நிலையங்களுள் ஒன்று சூஜியாகுவி. அந்தப் பெயரில் உள்ள 'சூ', சூ குவாங்சி (1562–1633) என்ற அறிஞரின் குடும்பப் பெயர். இவர் கத்தோலிக்கராக மனம் மாறியவர். சீன அரசவையில் உயர்பதவி வகித்தவர். இயேசு சபைத் துறவி மத்தேயு ரிச்சியுடன் சேர்ந்து, யூக்ளிடின் வடிவ கணித நூலின் முதல் ஆறு பாகங்களைச் சீனத்தில் மொழிபெயர்த்து 1607-இல் வெளியிட்டார். நிலையத்துக்கு அருகிலேயே, 1910-இல் கட்டி முடிக்கப்பட்ட புனித இஞ்ஞாசியார் பேராலயம் இரட்டைக் கோபுரங்களுடன் நிற்கிறது. தேற்றங்களைக் கண்டு நடுங்கும் நம் மாணவிகள் அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம்!

நான் மறக்க முடியாத பத்து நிமிடங்கள்

எல்லாம் தெரிந்துகொண்டோம் என்ற கர்வம் வந்திருந்த ஒரு மாலை. 468 மீட்டர் உயரமுள்ள கீழ்த்திசை முத்துக் கோபுரத்தைப் பார்ப்பதற்காக மக்கள் சதுக்கத்தில் இரண்டாம் தடத்துக்கு மாறினோம். அலுவலகம் விடும் நேரம், கூட்டம் நெரிந்தது. "இன்னும் இரண்டே நிலையம், அப்பத்தா" என்று சொல்லிவிட்டு நான் தலைக்கு மேலிருந்த பலகையைப் படித்துக்கொண்டு நின்றேன். கூட்டம் தள்ள அப்பத்தா வண்டிக்குள் போய்விட்டார். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் அவருடைய வெள்ளைச் சேலை நகர்ந்து மறைந்தது.

கைப்பேசி என்னிடம். டிக்கெட்டுகள் இரண்டும் என்னிடம். ஆங்கிலமும் என்னிடம்தான். ஆனால் எனக்குக் கைகால் ஓடவில்லை. அடுத்த வண்டியில் பாய்ந்து ஏறப் போனேன். அப்போது அப்பத்தா வயதுள்ள ஒரு சீன அம்மையார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். நடந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். வண்டி போன திசையைக் காட்டினார். விரலைத் திருப்பி இங்கே வரும் என்று காட்டினார். பிறகு தரையைக் காட்டி, 'நில்' என்பது போல உள்ளங்கையை அழுத்தினார். என் கையை விடாமல் அவரும் நின்றார். அவருடைய வண்டிகள் இரண்டு போயின.

பத்து நிமிடத்தில் எதிர்ப்பக்கத்து வண்டியிலிருந்து அப்பத்தா இறங்கினார். நான் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு அழுதேன்.

"எதற்குக் கண்ணு அழுகிறாய்? ஊரில் எப்படிப் போவேனோ அப்படித்தான் வந்தேன். ஒன்று எண்ணி இறங்கினேன். எதிர்ப்பக்கம் ஏறி ஒன்று எண்ணி வந்தேன். பச்சைக் கோட்டை விட்டு விலகவில்லை. தவறினால் காட்டுவதற்கு அப்பா தந்த சீட்டு இருக்கவே இருக்கிறது" என்றார். அந்த அம்மையாரைப் பார்த்துக் கைகூப்பினார். அவரும் சிரித்தபடி தலையசைத்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

ஆகவே, கூட்டாகச் செல்வோர் முன்னதாகவே ஒரு விதி செய்துகொள்ள வேண்டும்: வண்டியில் போய்விட்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வர வேண்டும், நின்றுவிட்டவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இருவரும் தேடப் புறப்பட்டால் இருவரும் தொலைவார்கள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நம் ஊர்ப் பஸ் நிலையத்தில் அப்பத்தா ஒவ்வொரு பஸ்ஸையும் காட்டி, "இது எங்கே கண்ணு போகுது?" என்று கேட்பார். "போர்டில் எழுதியிருக்கிறதே!" என்று நான் எத்தனையோ முறை சலித்துக்கொண்டிருக்கிறேன். ஷாங்காயில்தான் படிக்கத் தெரியாமல் நிற்பது இன்னதென்று எனக்குத் தெரிந்தது. எழுத்தில்லாத உலகில் நிறத்தையும் எண்ணையும் துணையாகக் கொண்டு அறுபது ஆண்டுகள் நடந்தவர் அவர். நானோ பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

தங்கைகளே, நீங்கள் என்றேனும் சீனாவுக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் நாளைக் காலையே பஸ் நிறுத்தத்தில் யாரேனும் ஒரு மூதாட்டி உங்களிடம் வழி கேட்கக்கூடும். அப்போது முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். நேரமிருந்தால் அவர் பஸ் ஏறும்வரை உடன் நில்லுங்கள். பெயர்கூடத் தெரியாத அந்தச் சீன அம்மையாருக்கு நான் பட்ட கடனில் ஒரு பங்கு அப்படியாவது தீரட்டும்.