ஹார்டு டிஸ்க்குக்குத் தண்ணீர் எதற்கு?

குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில் இருக்கிறது லோயர் கேம்ப். முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வந்து, ராட்சத இரும்புக் குழாய்களில் சரிந்து இறங்கி, பெரியாறு நீர்மின் நிலையத்தின் நான்கு இயந்திரங்களைச் சுழற்றிவிட்டு வைரவனாற்றில் சேர்கிறது. நீர்மின் நிலையங்களில் தண்ணீருக்கு அதிகம் பேசப்படாத இன்னொரு வேலையும் உண்டு. ஜெனரேட்டருக்குள் சூடேறும் காற்றையும், பேரிங்குகளைச் சுற்றியுள்ள எண்ணெயையும் குளிர்விப்பது அதுதான். இங்கே தொடக்கத்தில் ஓர் இயந்திரத்தின் திறன் 35 மெகாவாட், பிறகு கூட்டினார்கள். 35 மெகாவாட் இயந்திரம் நூற்றுக்கு 98 பங்கு திறனோடு ஓடுவதாகவே வைத்துக்கொள்வோம். மீதி 2 பங்கு என்பது 700 கிலோவாட். அவ்வளவும் சூடு. அதை அள்ளிக்கொண்டு போகத் தண்ணீர் வேண்டும். அதுவும் ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீர் வேண்டும்.

வீட்டில் உதிரிபாகம் வாங்கி அசெம்பிள் செய்யும் கம்ப்யூட்டருக்கும் இன்று ‘வாட்டர் கூலிங்’ வந்துவிட்டது. நூறு, இருநூறு வாட் சூட்டைக் கக்கும் பிராசசருக்கும் அதைவிடக் கூடுதலாகக் கக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் அதில் நியாயம் இருக்கிறது. அதே குழாயை ஹார்டு டிஸ்க் வரைக்கும் நீட்டிவிட்டால் என்ன என்ற ஆசை அடுத்து வருகிறது. அதற்கென்று உலோகப் பலகைகளைக் கூலன்ஸ் போன்ற நிறுவனங்கள் முன்பு விற்றதும் உண்டு. ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் வெளியிடும் சூடு சுமார் 7 வாட். மேலே சொன்ன ஜெனரேட்டர் சூட்டில் அது லட்சத்தில் ஒரு பங்கு, சின்ன எல்.இ.டி. பல்பு ஒன்றின் மின்செலவு. இந்த 7 வாட்டுக்காகத் தண்ணீரைக் கேபினட்டுக்குள் கொண்டுவருவது தேவையற்றது, ஆபத்தானதும்கூட என்பதே என் முடிவு.

தண்ணீருக்குச் சூட்டைச் சுமக்கும் வலிமை அதிகம் என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஏந்தும் வெப்பத்தை ஏந்த ஏறக்குறைய 3,500 லிட்டர் காற்று தேவைப்படும். ஆனால் லோயர் கேம்ப்பில் பாய்வது ஓடும் நீர். வந்த நீர் போய்விடும், அடுத்து புது நீர் வரும். கம்ப்யூட்டருக்குள் இருப்பதோ சுற்றும் நீர். பம்பு தள்ள, டிஸ்க்கின் சூட்டை வாங்கி, ரேடியேட்டருக்குப் போய், அங்கே ஃபேன் அடிக்கும் அறைக்காற்றிடம் அதைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. கடைசியில் சூடு சேரும் இடம் அதே அறைக்காற்றுதான். அறை 36 டிகிரி என்றால், எத்தனை லிட்டர் சுற்றினாலும் டிஸ்க் 36-க்குக் கீழே வராது. அதே ஃபேனை நேராக டிஸ்க்கின் மீது திருப்பினால் என்ன ஆகும்? விநாடிக்கு 10 லிட்டர் காற்று போதும். மெதுவாகச் சுற்றும் 120 மில்லிமீட்டர் ஃபேன் அதைச் சிரமமில்லாமல் தரும். 7 வாட்டை அந்தக் காற்று எடுத்துப்போகும்போது அதன் வெப்பம் ஏறுவது 1 டிகிரிகூட இல்லை, 0.6 டிகிரிதான். சில நூறு ரூபாயோடு முடிகிற வேலை இது.

“சூடுதான் டிஸ்க்கைக் கொல்கிறது, ஒரு டிகிரி குறைந்தாலும் லாபம்” என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையைக் கணக்கெடுத்துச் சோதித்திருக்கிறார்கள். கூகுள் நிறுவனத்தின் மூன்று பொறியாளர்கள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். சூடு ஏற ஏறப் பழுதும் ஏறும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்துப்போனது. குளிர்ச்சியாக இருந்த டிஸ்க்குகளில்தான் பழுது கூடுதலாகத் தெரிந்தது. 45 டிகிரியைத் தாண்டிய சூடு கெடுதல் செய்ததாகத் தெளிவாகத் தெரிந்தது, மூன்று ஆண்டு கடந்த பழைய டிஸ்க்குகளில் மட்டும். இணையத்தில் நகல் சேமிப்புச் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம் 2014-இல் தன் டிஸ்க்குகளைப் பார்த்தபோதும், பெரும்பாலான மாடல்களில் வெப்பத்துக்கும் பழுதுக்கும் தொடர்பு காணவில்லை. வீட்டு டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்களே தரும் உச்ச வரம்பு பொதுவாக 60 டிகிரி. ஆகவே 40 டிகிரியில் ஓடும் டிஸ்க்கை 36-க்கு இறக்கப் பாடுபடுவதால் ஆயுள் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

“அந்த ஆய்வெல்லாம் ஏ.சி. அறையில் நடந்தது, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் ஓடும் மெஷினுக்கு எப்படிப் பொருந்தும்?” என்று கேட்கலாம். சரியான கேள்விதான். அறை 38 டிகிரியில் இருக்க, காற்றோட்டமில்லாத கேபினட்டில் டிஸ்க் 50-ஐத் தாண்டும், அது நல்லதல்ல. கடைகளில் சி.சி.டி.வி. பதிவுப் பெட்டியை மர அலமாரிக்குள் வைத்து, மேலே பில் புத்தகங்களையும் அடுக்கிவிடுகிறோம். உள்ளே இருக்கும் டிஸ்க் இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கிறது. இந்த நிலையிலும் மருந்து காற்றுதான். அலமாரிக் கதவைத் திறந்து வைப்பது, முன்பக்கம் ஒரு ஃபேன் மாட்டுவது, இரண்டு டிஸ்க்குகளுக்கு நடுவே ஒரு டிஸ்க் அளவு இடைவெளி விடுவது ஆகியவை வித்தியாசத்தைக் காட்டும். சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகத் தண்ணீரை நாடியவர்களும் உண்டு. நிமிடத்துக்கு 10,000 சுற்று, 15,000 சுற்று வேகத்தில் டிஸ்க்குகள் இரைந்த காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. இன்று இரைச்சல் பிடிக்காதவர் எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் போதும், சுழல்வதற்கே அதில் ஒன்றும் கிடையாது. மெட்டா போன்ற நிறுவனங்கள் டிஸ்க் பெட்டிகளைத் திரவத்தில் குளிர்வித்துப் பார்த்திருக்கின்றனவே என்றால், அந்தத் திரவம் மின்சாரம் கடத்தாதது. அந்த டிஸ்க்குகளும் ஹீலியம் நிரப்பி முற்றிலும் மூடி முத்திரையிட்டவை. நம் கையில் இருக்கும் சாதாரண டிஸ்க் அந்த ரகம் இல்லை.

சாதாரண டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். மூடியில் ஊசிமுனை போல ஒரு துளை, பக்கத்தில் ‘இதை மூடாதே’ என்ற எச்சரிக்கை. அது டிஸ்க்கின் மூக்கு. தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல, அது எழுப்பும் காற்று மெத்தையின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் படிப்பு முனை மிதக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தமும் உள்ளழுத்தமும் சமமாக இருக்கத்தான் அந்தத் துளை. உள்ளே இருக்கும் வடிகட்டி தூசியைத் தடுக்கும், ஈரத்தை முழுதாகத் தடுக்காது. இங்கே 2016-இல் வந்த இன்னோர் ஆய்வைச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் ஒன்பது பெரிய தரவு மையங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்த ஆய்வாளர்கள், வெப்பத்தைவிடக் காற்றின் ஈரப்பதமே பழுதுக்குப் பெரிய காரணம் என்று கண்டார்கள். டிஸ்க்கின் மின்சுற்றுப் பகுதியைத்தான் ஈரம் அதிகம் கெடுக்கிறது. மலையடிவார ஊர்களுக்கு இது நேரடியான செய்தி. சாரலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் பெய்யும் நாட்களில் ஜன்னலோரத் தரையில் கிடக்கும் கம்ப்யூட்டர்தான் கவலைக்குரியது. அதற்குள் நாமே தண்ணீர்க் குழாய் வைத்து, ஓர் இணைப்பு தளர்ந்து, சொட்டு டிஸ்க்கின் மின்சுற்றுப் பலகையில் விழுந்தால் என்ன மிஞ்சும்? பிராசசர் போனால் கடையில் வேறு வாங்கலாம். கல்யாண வீடியோவையும் பத்து வருடக் கணக்குவழக்கையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

சூட்டைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குக் கரண்ட் கட்டைப் பற்றிக் கவலைப்படுவோர் குறைவு. உண்மையில் கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். மின்சாரம் சட்டென்று நின்றால், மிதந்துகொண்டிருக்கும் முனை தட்டின் மேல் விழுந்துவிடக் கூடாது. அதற்கு டிஸ்க் செய்யும் வேலை வியப்பானது. நிற்கப்போகும் தட்டு இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் அந்தக் கணத்தில், அதன் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, கடைசித் துளி மின்சாரத்தை உண்டாக்கி, முனையைப் பத்திரமான இடத்துக்கு இழுத்துவிடுகிறது. மலையிலிருந்து விழும் நீர் லோயர் கேம்ப்பில் செய்யும் காரியத்தை உள்ளங்கை அளவுத் தட்டு ஒரு நொடியில் செய்கிறது. அடிக்கடி இப்படிச் செய்யவைத்தால் தேய்மானம் கூடும். எழுதிக்கொண்டிருந்த ஃபைலும் பாதியில் நின்று கெடும். தண்ணீர்க் குழாய்க்கும் பம்புக்கும் ஒதுக்கும் பல ஆயிரம் ரூபாயில் ஒரு யு.பி.எஸ். வாங்கலாம், நகல் எடுத்து வைக்க இரண்டாவது டிஸ்க்கும் வாங்கலாம்.

இன்றே உங்கள் கம்ப்யூட்டரில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்க்கின் வெப்பத்தைப் பாருங்கள். 45-க்குக் கீழே என்றால் அப்படியே விடுங்கள்; தாண்டினால் ஒரு ஃபேன் மாட்டுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் முக்கியமானதையெல்லாம் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அதை வேறொரு வீட்டில் வைத்துவிடுங்கள்.