கடலை மிட்டாய்ப் பாறையும் ஒரு லோடு கிராவலும்

கோடை விடுமுறை வருகிறது, குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்வரத் தக்கதாய் வனமும் சரித்திரமும் கலந்த ஸ்தலங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆசிரியர் பணித்தபோது, கிண்டி, வண்டலூர், வேடந்தாங்கல் என்று ஒரு ஜாபிதா தயாரித்துக் கொடுத்துவிட்டு என் பாட்டில் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் கொரட்டூர்வாசியான எனக்கு, வாசலைப் பூட்டிக்கொண்டு நடந்து போய்த் திருவள்ளூர் லோக்கலில் ஏறி உட்கார்ந்தால் அந்த ரயில் பாதையின் கோடியில் காத்திருக்கும் ஒரு காட்டை விட்டுவிட்டு வேறு எதைப் பற்றியோ எழுதுவது அயலூர்க்காரனின் வேலையாகத் தோன்றிற்று. ஆகவே இது பூண்டியையும் குடியத்தையும் பற்றிய கட்டுரை. மற்ற இடங்களுக்கு வழி சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

கோடையில் போகலாமா என்றால், போகக் கூடாது. சித்திரை வெயிலில் அந்த முட்காட்டில் குழந்தைகளை நடத்திச் செல்பவரை அவர்களுடைய தாயார் மன்னிக்க மாட்டார். ஆசிரியர் கோபித்துக்கொண்டாலும் சரி, நான் போனது தை மாதக் கடைசியில், பதினொரு வயதுப் பேத்தியும் எட்டு வயதுப் பேரனும் உடன் வர, தயிர் சாதமும் நாலு புட்டி தண்ணீரும் தோள்பையில் கனக்க.

திருவள்ளூரிலிருந்து பூண்டி சுமார் 12 கிலோமீட்டர். கொசஸ்தலையாற்றை மறித்துக் கட்டிய அந்த நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர். சென்னை மேயராக இருந்து அந்தத் திட்டத்துக்காக அலைந்த சத்தியமூர்த்தி 1943-இல் காலமாகிவிட, அணை 1944-இல் முடிந்தது. தாம் கேட்ட தண்ணீரை அவர் பார்க்கவில்லை. கரையில் நின்று கூழைக்கடாக்களை எண்ணிக்கொண்டிருந்த பேரனிடம் இதைச் சொன்னேன். அவன், "பாவம் தாத்தா," என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினான்.

அணைக்கருகே தமிழ்நாடு தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் கைக்கோடரிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையளவில் வாதுமைக்கொட்டை வடிவாய், இரு புறமும் சில்லு சில்லாகப் பெயர்த்து ஓரம் கூராக்கிய கற்கள். குழந்தைகளுக்கு அங்கே கால் மணி நேரம் போதும், அதற்கு மேல் நிறுத்தி வைத்தால் கொட்டாவி வரும். கண்ணாடிக்குள் இருக்கும் கல்லுக்கும் குழந்தைக்கும் என்ன உறவு உண்டாக முடியும்? உறவு உண்டாகும் இடம் குடியம்.

குடியம் கிராமத்துக்கு வாடகை வண்டியில் போய் இறங்கி, காட்டு இலாகாவின் அனுமதியோடு உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்குக் கொண்டு நடக்க வேண்டும். காரையும் களாவும் சூரையும் அடர்ந்த புதர்க்காட்டின் நடுவே ஓடுகிற அந்த ஒற்றையடிப் பாதை, கால் வைக்கிற ஒவ்வோர் இடத்திலும் உருண்டு நழுவுகிற கூழாங்கற்களால் ஆனது. ஆகையால் குழந்தைகள் தாமாகவே குனிந்து தரையைப் பார்த்து நடக்கிறார்கள், அதுதான் அந்தக் காட்டின் முதற்பாடம் என்று நான் நினைக்கிறேன். களா முள் கிழித்த முழங்காலைத் தடவிக்கொண்டே வந்த பேரன் ஓரிடத்தில் சட்டென்று நின்று, கையில் ஒரு கல்லோடு, "இது சும்மா கல்லா, செஞ்ச கல்லா?" என்று கேட்டான். வழிகாட்டி வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் சங்கு ஓட்டின் உட்புறம் போல வழுவழுப்பாகப் பெயர்ந்திருந்த தழும்பைக் கட்டைவிரலால் தடவிக் காட்டி, "இது அடிச்சது, தம்பி. எடுத்த இடத்துலயே வச்சிடு. இங்கேருந்து ஒண்ணும் கொண்டுபோவக் கூடாது," என்றார். பேரன் திரும்பி நடந்து, எடுத்த குழியைத் தேடி, கல்லை அதே முகம் மேலாக இருக்கும்படி வைத்துவிட்டு வந்தான். அந்த விதரணை அவன் பள்ளிக்கூடப் புத்தகங்களை அடுக்குவதில் இல்லை.

பாதை முடிகிற இடத்தைக் குகை என்று சொல்கிறார்களே தவிர, மலை தன் நெற்றியை முன்னே நீட்டி நிழல் கொடுக்கிற இடம் அது. இப்படிப்பட்ட பாறை ஒதுக்குகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பதினாறு உண்டு. நாங்கள் நின்ற ஒதுக்கின் கூரை என்னை இன்றுவரை விடவில்லை. உருண்டைக் கற்களை ஆயிரக்கணக்கில் குழம்பில் போட்டு இறுக விட்டாற்போன்ற பாறை. பேத்தி அண்ணாந்து பார்த்த மாத்திரத்தில், "கடலை மிட்டாய்!" என்று கூவினாள். வழிகாட்டி வாயில் விரலை வைத்து மேலே தொங்கிய தேன்கூட்டைக் காட்டினார். அவள் சொன்ன உபமானத்தை எந்தப் பூகர்ப்ப சாஸ்திரப் பேராசிரியரும் மேம்படுத்த முடியாது. வெயிலிலும் மழையிலும் அந்த மிட்டாய் உதிர, உதிர்ந்த குவார்ட்சைட் உருளைகளைத்தான் ஆதி மனிதர் கைக்கோடரியாக அடித்துக்கொண்டார்கள். வீட்டுக் கூரையே பட்டறைக்குச் சாமான் கொடுத்திருக்கிறது! 1960-களின் தொடக்கத்தில் மத்தியத் தொல்லியல் துறை இந்த ஒதுக்கின் தரையைத் தோண்டிப் பார்த்ததில் கற்கருவிகள் கிடைத்தன. இப்போது அங்கே ஓர் அம்மன் இருக்கிறாள். மஞ்சளும் குங்குமமும் பூசிய அவளும் கல்தான்.

இந்த மலைச்சரிவிலிருந்து அதிக தூரமில்லை, அத்திரம்பாக்கம். பூகர்ப்ப ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் பூட் 1863 மே மாதத்தில் பல்லாவரத்தில் முதற் கற்கருவியைக் கண்டெடுத்ததும், அதே ஆண்டு செப்டம்பரில் தம் சகாவான வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்ததும் வாசகர்கள் அறிந்த கதை. 1999-இல் அங்கே அகழ்வைத் தொடங்கிய சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 2011-இல் அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் வயது 15 லட்சம் ஆண்டு என்றும், 2018-இல் அவற்றுக்கு மேலடுக்கில் இருந்த வேறு வகைக் கருவிகள் 3,85,000 ஆண்டு பழையவை என்றும் வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

அந்த வயதைச் சொன்னது எது? கல்லின் அழகு அல்ல, அது கிடந்த மண். கல் எந்த ஆழத்தில், எவ்வளவு காலம் வெளியை எட்டிப் பார்க்காமல் புதைந்து கிடந்தது என்றும், அதைச் சூழ்ந்த மணல்துகள் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்றும் அளந்துதான் ஆண்டுக் கணக்கைச் சொல்கிறார்கள். அத்திரம்பாக்கத்துக் களிமண்ணில் எருமை, குதிரை இனங்களின் பல் படிவங்களும், 17 விலங்குக் காலடித் தடங்களும் கிடைத்தன. காலடித் தடம் என்பது மண் எடுத்துக்கொண்ட வடிவமல்லாமல் வேறென்ன? மண்ணைக் கிளறிய க்ஷணத்தில் அது இல்லை. இடம் பெயர்ந்த கைக்கோடரி ஊமை. அதைப் பெட்டியில் வைக்கலாம், கொஞ்சலாம், சாட்சி சொல்லச் சொல்ல முடியாது.

இங்கேதான் என் மனம் சுற்றுலாவை விட்டு விலகிவிட்டதை ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியருக்கு வேண்டியது ரயில் நேரமும் சாப்பாட்டு வசதியும்; நானோ அன்றிலிருந்து லாரிகளைப் பார்க்கிறேன். பூட் துரை பல்லாவரத்தில் கல்லைக் கண்டெடுத்தது ஒரு சரளைக் குழியில். செங்குன்றத்துச் செம்பூராங்கல் சரளையிலும் வடமதுரையிலும் இதே கருவிகள் கிடைத்திருக்கின்றன. நம் மேற்குப் புறநகர் முழுவதற்கும் சரளை என்பது ஒரே பொருளைத்தான் குறிக்கிறது: லோடு. 2015 டிசம்பர் வெள்ளம் கொரட்டூரில் வீடுகளுக்குள் புகுந்த பின், எங்கள் அவென்யூக்களில் யார் புதிதாகக் கட்டினாலும் மனையை மூன்றடி உயர்த்தாமல் கட்டுவதில்லை. ஒருவர் உயர்த்தினால் பக்கத்து வீடு பள்ளமாகிறது, அவரும் உயர்த்துகிறார், பிறகு சாலை உயர்கிறது, மறுபடியும் வீடு. இவ்வளவு உயரமும் எங்கேயோ ஒரு பள்ளமாக இருந்தாக வேண்டும். சவுடா, கிராவலா என்று கேட்கிறோம், விலை பேசுகிறோம், கல் அதிகமாக இருந்தால் மேஸ்திரியிடம் கோபித்துக்கொள்கிறோம். எந்த ஊர்ச் சரளை, எந்த அடுக்கு என்று கேட்டவரை நான் கண்டதில்லை. சென்ற ஆண்டு என் வாசலுக்கு நாலு லோடு அடித்தபோது நானும் கேட்கவில்லை. பூண்டியில் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கும் சரித்திரத்தின் தாயாதிகள் எங்கள் கார் நிறுத்துமிடங்களுக்கு அடியில் திமிசு போட்டு இறுக்கப்பட்டிருக்கக் கூடும் என்ற எண்ணம் வந்தபின் தூக்கம் கொஞ்சம் குறைந்துதான் போயிற்று.

என் மகன் சிரிக்கிறான். "தண்ணி உள்ளே வந்தா கற்காலத்தையா அப்பா நினைச்சுப்பீங்க? அந்தத் துரைகூடக் குழி வெட்டினதாலதானே கல்லைப் பார்த்தார்?" என்கிறான். நியாயம்தான். ஆனால் குழியருகே குனிந்து பார்க்க அன்று ஒருவர் இருந்தார்.

பூண்டியிலிருந்து நாங்கள் வீடு திரும்பியபோது இரவு ஏழரை. எங்கள் தெரு முனையில் புது அடுக்குமாடிக்காக விட்டிருந்த மனையில் டிப்பர் ஒன்று பின்னே பின்னே வந்து, பின்கதவைத் திறந்து, சிவப்புச் சரளையைக் கொட்டியது. பேத்தி என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் குவியலருகே குந்தி இரண்டு நிமிஷம் துழாவினாள். ஒரு கல்லை எடுத்துத் தாவணி நுனியால் துடைப்பவளைப் போலப் பாவாடையில் துடைத்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"தாத்தா, இங்கே பாருங்களேன். வழுவழுன்னு இருக்கு."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். இருக்கலாம் போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. லாரிக்காரரிடம், "எந்த ஊர் மண்ணுப்பா?" என்று கேட்டேன்.

"தெரியல சார். லோடு ஏத்துனாங்க, கொண்டாந்தேன். பாப்பாவ நகரச் சொல்லுங்க, வண்டி எடுக்கணும்."

பேத்தி எழுந்தாள். கையிலிருந்த கல்லை ஒரு முறை பார்த்தாள். பிறகு, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்று காட்டில் கேட்டது ஞாபகம் வந்தவளாய், அதைக் குவியலில் தான் எடுத்த குழியைத் தேடி, அதே முகம் மேலாக, பத்திரமாக வைத்துவிட்டு வந்தாள்.